வெல்டிங் பொட்டும் வெப்பச் சமன்பாடும்

ராயபுரம் மாணவன்:
அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங் வைக்கிறவர். தகட்டில் ஒரே புள்ளியில் சூடு, மற்ற இடமெல்லாம் பூஜ்யம் என்று தொடங்கி, சூடு பரவுவதைச் சொல்லும் வெப்பச் சமன்பாட்டை, கிராங்க்-நிக்கல்சன் முறையில் (இப்போதைய நிலை, அடுத்த நிலை இரண்டின் சராசரியை வைத்து நேரத்தில் படிப்படியாக நகரும் முறை) கணக்குப் போட்டேன். விடை ரம்பப் பல் மாதிரி வருகிறது, சில இடத்தில் மைனஸ் வேறு! சமன்பாடே தப்பா?

பெரம்பூர் அக்கா:
சமன்பாடு சரிதான் தம்பி. ஒற்றைப் புள்ளிச் சூடும் அடுத்த கணமே வழவழப்பான மணி வடிவமாகிவிடும். கோளாறு முறையில்தான். நேரப்படி (ஒரு தாவலில் கடக்கும் நேரம்) பெரிதாக இருந்தால், கூரான அலைகளை அது அடக்காமல் படிக்குப் படி பிளஸ், மைனஸ் என்று குறியை மாற்றிக்கொண்டே போகும். முதல் இரண்டு படிகளை நான்கு அரைப்படிகளாக்கி, பின்னோக்கு ஆய்லரில் (அடுத்த நிலையை மட்டுமே வைத்துக் கணக்கிட்டு, கூரான அலைகளை நன்றாக அடக்கும் முறை) போடு. அப்புறம் பழைய முறை. 1984-இல் கணிதவியலாளர் ரன்னாக்கர் காட்டிய யோசனைதான் இதற்கு வேர்.

வியாசர்பாடி வாத்தியார்:
ஒற்றைப் புள்ளிச் சூடு மாதிரி முரட்டுத் தொடக்கத் தரவுக்குப் பயப்படாதே. முடிவில்லாக் கோட்டில், தொலைவின் வர்க்கம் அடுக்கில் ஏறி (e^(x²) போல) வளரும் தரவுதான் ஆபத்து. தீர்வு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எல்லையின்றி வெடித்துவிடும்.

ராயபுரம் மாணவன்:
போட்டுப் பார்த்தேன் அக்கா. பல்லெல்லாம் போச்சு!