காலையில் நன்றாக இருக்கும் காபி மாலையில் ஏன் கசக்கிறது?

கேள்வி: வீட்டருகே உள்ள காபிக் கடைக்கு ஓராண்டாகச் சென்று வருகிறேன். காலையில் அருந்தும் எஸ்பிரசோ மனநிறைவு தருகிறது. அதே பணியாளர் மாலையில் தயாரித்துத் தருவதோ விழுங்கிய பிறகும் நாக்கை விட்டு அகலாத கசப்புடன் இருக்கிறது. இருமுறை சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியதும் அப்படியே கசந்தது. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1: இத்தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாள் முழுதும் இயந்திரத்தைக் கழுவாவிட்டால், தூளை நிரப்பும் வடிகட்டியிலும் நீர் இறங்கும் சல்லடையிலும் காபி எண்ணெய் கரும்பழுப்புப் படலமாகப் படிந்து, அடுத்தடுத்த கோப்பைகளிலும் கசப்பை ஏற்றும். அரைவையும் ஒரு காரணமாகலாம்: சுமார் 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 நொடிகளில் இறங்க வேண்டிய சாறு, தூள் மிக நைசாக இருந்தால் 40 நொடிகள்கூட எடுத்துக்கொண்டு கசந்துவிடும்.

மறுமொழி 2: சொல்லும் விதமும் முக்கியம். "காபி சரியில்லை" என்றால் இன்னொரு கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான். கூட்டம் குறைந்த நேரத்தில், "காலையில் இல்லாத கசப்பு மாலையில் தெரிகிறது" என்று வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். அக்கறையுள்ள பணியாளருக்கு அது பேருதவி.

கேட்டவர்: அவ்வாறே சொன்னேன். அவர் உடனே வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைக்க, துணி கறுத்தது. கழுவிய பின் தந்த கோப்பையில் அந்தக் கசப்பு இல்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.