68 விழுக்காடு என்பது 4க்கு எத்தனை? ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) கேட்ட இடங்களில் உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பகிருங்கள்

சாட்ஸ்வர்த் மாணவி:
இங்கே தென்னாப்பிரிக்காவில் ஹானர்ஸ் (இளங்கலைக்கு அடுத்த ஓராண்டுப் பட்டம்) முடித்து வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது தெரிந்த கதை என்பதால் முன்னுரையைச் சுருக்கிக்கொள்கிறேன். என் டிரான்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் (பாடத்துக்கும்) விழுக்காடு இருக்கிறது, கிரெடிட் (படிப்பின் அளவு) இருக்கிறது, ஜி.பி.ஏ. என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. பக்கத்திலேயே ஓர் அட்டவணை: 90க்கு மேல் 4, 80க்கு மேல் 3, 70க்கு மேல் 2, 60க்கு மேல் 1. என் சராசரி 68. அதை இட்டதும் 1.0 என்ற எண் தானாக வந்து நின்றது. அதன் கீழே, சேர்க்கைக்குக் குறைந்தது 3.0 வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பா, "நாலுக்கு ஒன்றா? அப்படியென்றால் நீ பாஸ் பண்ணவில்லையா?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் 70ஐத் தாண்டியவர்களே மிகச் சிலர் என்றும், 75க்கே டிஸ்டிங்ஷன் தந்துவிடுகிறார்கள் என்றும் நான் சொல்லத் தொடங்கியபோது லோட்ஷெடிங் மின்வெட்டு நேரம் வந்து திரை அணைந்துவிட்டது. அவர் இன்றுவரை அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் விரிவுரையாளர்:
மகளே, அந்த அட்டவணை நம் தாள்களுக்காக எழுதப்பட்டதன்று. பிரிட்டிஷ் மரபில் வந்த நம் முறையில் 50 தேர்ச்சி, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, 70 முதல் 74 வரை மேற்பிரிவு, 75லிருந்து முதல் வகுப்பு. வினாத்தாளை அமைக்கும்போதே நல்ல மாணவர் 65க்கும் 75க்கும் இடையில் வந்து நிற்பார் என்ற கணக்கு எங்கள் மனத்தில் ஓடும். அமெரிக்கப் பேராசிரியர் 90ஐ எளிதாகத் தருவதால் அவருடைய மாணவர் அறிவாளி என்றோ, நாங்கள் 68 தருவதால் எங்கள் மாணவர் மந்தம் என்றோ பொருளில்லை.

என்னை உறுத்துவது வேறொரு எண். இறுதியாண்டு மாட்யூல்களின் விடைத்தாள்களை வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் மீண்டும் பார்ப்பது இங்கு வழக்கம். அதன்பின் நடக்கும் தேர்வுக் கூட்டத்தில் 49, 59, 69, 74 என்று விளிம்பில் நிற்கும் மதிப்பெண்களைத் தனியே எடுத்துப் பேசுவோம். ஒரு முறை 74இல் நின்ற ஒரு மாணவரின் கடைசிக் கட்டுரையை வெளித்தேர்வாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, இது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். முடிவு வந்த மறுநாள் அந்த மாணவர் என் அறை வாசலுக்கு வந்தார். மதிப்பெண்ணை ஏற்றித் தரும்படி அவர் கேட்கவில்லை. "அந்த ஒரு மதிப்பெண் எந்த வரியில் போயிற்று என்று மட்டும் காட்டுங்கள், ஐயா" என்றார். கட்டுரையை வரி வரியாக எடை போடுவதில்லை, முழுவதையும் படித்து அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று முதலில் தீர்மானித்துவிட்டு அந்த வகுப்புக்குள் ஓர் எண்ணைத் தேர்கிறோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? தாளைப் புரட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிட்ராண்டில் ஒரு தமிழ்நாட்டுக்காரன்:
உங்களுடையது விழுக்காட்டை 4க்கு மாற்றும் தொல்லை. என்னுடையது 10ஐ விழுக்காடாக்கும் தொல்லை. நான் கோவைப் பக்கம் பொறியியல் படித்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவன். பகுதிநேர முதுகலைக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தபோது, அயல்நாட்டுப் பட்டத்துக்கான சாக்கா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) மதிப்பீட்டுச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சான்று பட்டம் எந்த நிலைக்கு ஈடு என்று சொல்லுமே தவிர மதிப்பெண்ணை மாற்றித் தராது. என் சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 10க்கு 7.6.

சாளரத்தில் இருந்த அம்மையார் முதலில் 10ஆல் பெருக்கினார்: 76, டிஸ்டிங்ஷன். பிறகு ஏதோ ஐயம் வந்து கைப்பேசியில் தேடினார், சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொல்லியிருந்த 9.5 என்ற பெருக்கெண் கிடைத்தது: 72.2, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. பொறியியலுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கையேட்டில் வேறு கணக்கு உண்டு, 6.25க்கு 55, 6.75க்கு 60, 7.25க்கு 65 என்று போகும், அதாவது 0.75ஐக் கழித்துவிட்டு 10ஆல் பெருக்க வேண்டும் என்று நானே எடுத்துச் சொன்னேன். அவர் அதையும் போட்டுப் பார்த்தார்: 68.5, கீழ்ப்பிரிவு. மூன்று விடைகளையும் ஒரு மஞ்சள் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் திருப்பி வைத்து, "இவற்றில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

இசிபிங்கோ வணிகவியல்:
விரிவுரையாளர் ஐயா 74ஐப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். மேலே இருப்பவர்களுக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள், கீழே இருப்பவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. புள்ளியியலில் எனக்கு 47 வந்தது. 45க்கு மேல் என்பதால் சப்ளிமென்டரி தந்தார்கள். ஆண்டிறுதிக் கொண்டாட்டங்கள் எதற்கும் போகாமல் படித்தேன். பிறகு விடைத்தாளைப் பார்க்க அனுமதி வாங்கிச் சென்றபோது, முதற்பக்கத்தில் சிவப்பு மையில் 71 என்று வட்டமிட்டிருந்தது. டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது 50. சப்ளிமென்டரியில் எத்தனை எடுத்தாலும் 50க்கு மேல் பதிவாகாது என்பது எங்கள் விதி. தாளில் 71, பதிவில் 50. இரண்டுமே என்னுடையவை என்கிறார்கள். ஜி.பி.ஏ. கேட்கிறவரிடம் நான் எதைச் சொல்வது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் விரிவுரையாளர்:
தம்பி, முதல் தடவையிலேயே 58 எடுத்துத் தேறியவர் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருந்திருப்பார். கூடுதலாகச் சில வாரங்கள் படிக்க வாய்ப்புப் பெற்றவர் அவரைத் தாண்டி 71 என்று பதிவு பெற்றால் அது நியாயமா என்ற கேள்விக்காகத்தான் அந்த வரம்பு. பல இடங்களில் 45க்குக் கீழே போனவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. வகுப்புப் பணியில் வேண்டிய அளவு எடுக்காமல் டி.பி. என்ற தேர்வெழுதும் தகுதியை இழந்தவர் முதல் தேர்வுக்கே உட்கார முடியாது.

இசிபிங்கோ வணிகவியல்:
நியாயம் என்றால் 58 எடுத்தவருக்கும் மறுபடி எழுத வாய்ப்புக் கொடுங்கள், ஐயா. தெரிந்துகொண்டதை அளப்பதா, எப்போது தெரிந்துகொண்டோம் என்பதை அளப்பதா என்று முதலில் முடிவு செய்யட்டும்.

பீனிக்ஸ் அம்மா:
நான் பல்கலைக்கழகம் போனவள் அல்ல. மகளின் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவு ஜனவரியில், வீட்டில் தைப்பூசக் காவடிக்கு நாங்கள் விரதத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாளில் வந்தது. கணிதத்தில் 79. தாளில் 6 என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 80, அவனுக்கு 7. அவள் கேட்டிருந்த படிப்புக்கு ஏ.பி.எஸ். (பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி) கூட்டலில் அந்த ஒரு புள்ளிதான் குறைந்தது. 80 வாங்கியவனுக்கும் 99 வாங்கியவளுக்கும் ஒரே 7 கொடுக்கிற கணக்கில், 79க்கும் 80க்கும் நடுவில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சுவர் என்று அவள் கேட்டாள். கேப் டவுன் பல்கலைக்கழகம் பல புலங்களுக்கு ஆறு பாடங்களின் விழுக்காட்டையே கூட்டி 600க்குப் பார்க்கிறதாம், அங்கேயே விண்ணப்பித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு தூரம் அனுப்ப நாங்கள் தயாராக இல்லை.

அம்லங்கா கணக்காளர்:
என் அனுபவம் சிறியது: லண்டனில் ஒரு நிறுவனம் என் வகுப்பைக் கேட்டது, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றேன், அத்தோடு முடிந்தது. ஆனால் இந்த இழையில் எல்லோரும் சராசரி, சராசரி என்று எழுதுகிறீர்கள். எந்தச் சராசரி என்று ஒருவரும் சொல்லவில்லை.

கிரெடிட்டைச் சேர்க்காமல் கணக்கிடுவது சராசரியே அன்று. இங்கே ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே 16 கிரெடிட் மாட்யூல் 160 மணி நேரம், 8 கிரெடிட் மாட்யூல் 80 மணி நேரம். ஒருவர் மூன்று 16 கிரெடிட் மாட்யூல்களில் 62, 65, 71 எடுத்து, 8 கிரெடிட் மாட்யூல் ஒன்றில் 90 எடுத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 72; மேற்பிரிவு என்று மகிழ்ந்துவிடுவார். ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 3,888, மொத்தக் கிரெடிட் 56, வகுத்தால் 69.43. வகுப்பே மாறிவிடுகிறது. சாட்ஸ்வர்த் தங்கை தன் 68ஐ எந்த வழியில் கண்டார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, சராசரியைக் கண்ட பிறகு அதை மாற்றுவது வேறு, ஒவ்வொரு மாட்யூலையும் தரப்புள்ளியாக மாற்றிவிட்டுச் சராசரி காண்பது வேறு. அமெரிக்க ஜி.பி.ஏ. இரண்டாவது வகை. நமக்குப் பொருத்தமாக 75லிருந்து 4, 60 முதல் 74 வரை 3, 50 முதல் 59 வரை 2 என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வோம். சம கிரெடிட் உள்ள நான்கு மாட்யூல்களிலும் 74 எடுத்தவருக்குச் சராசரி 74, ஜி.பி.ஏ. 3.0. மூன்றில் 75ம் ஒன்றில் 60ம் எடுத்தவருக்குச் சராசரி 71.25 தான், ஆனால் ஜி.பி.ஏ. 3.75. குறைவாக எடுத்தவர் மேலே போய்விடுகிறார். பீனிக்ஸ் அம்மா சொன்ன சுவர் இதுவேதான். மேட்ரிக்கோடு அது முடிவதில்லை.

கிரெடிட் எண்களையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். நம் முழுநேர ஓராண்டு வழக்கமாக 120 கிரெடிட், ஐரோப்பாவில் அது 60, அமெரிக்காவில் ஏறத்தாழ 30. நம் 16ஐ அங்கே 16 என்று எழுதினால் ஒரு மாட்யூலே ஒரு பருவத்தின் முழுப் படிப்பாகத் தெரியும். ஆகையால் தங்கை, நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் வகுப்பு விளக்கம் அச்சாகியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால் 50 தேர்ச்சி, 75 முதல் வகுப்பு என்று விளக்கும் கடிதம் ஒன்றைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மிட்ராண்ட் நண்பரும் தம் பழைய பல்கலைக்கழகத்திடமிருந்தே மாற்று விதியை எழுத்தில் வாங்கியிருந்தால் மஞ்சள் தாளுக்கு வேலையே இருந்திருக்காது.

மிட்ராண்டில் ஒரு தமிழ்நாட்டுக்காரன்:
ஐயா, அந்தக் கடிதம் என் கோப்பிலேயே இருந்தது. அதிலும் அதே ஏ.ஐ.சி.டி.இ. கணக்குதான், அதைத்தான் மூன்றாவது கணக்காக எடுத்துச் சொன்னேன். என்னுடைய பல்கலைக்கழகம் சொன்னதைவிடக் கைப்பேசி சொன்னது அவருக்கு நம்பகமாகப் பட்டது, 72.2 என்று பதிந்து அனுப்பினார். இடமும் கிடைத்தது.

சாட்ஸ்வர்த் மாணவி:
அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை, அங்கிள், ஆனாலும் நன்றி. என் 68 கிரெடிட்டோடு கணக்கிட்டதுதான். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதற்கு, அயல்நாட்டு மாணவர்கள் மாற்ற வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தில் 0.00 என்று இட்டுவிட்டு டிரான்ஸ்கிரிப்டை ஏற்றினால் போதும், நாங்களே படித்துப் பார்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. 1.0 என்று காட்டியபோதே அப்பா அப்படிக் கேட்டார், 0.00 இட்ட படிவத்தை அவர் இல்லாத நேரம் பார்த்து அனுப்பிவிட்டேன்.

இசிபிங்கோ வணிகவியல்:
கணக்காளர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. 50க்கு மேல் பதிவாகாமல் நின்ற என் புள்ளியியல் அந்தச் சராசரியில் எப்படிச் சேரும்?

அம்லங்கா கணக்காளர்:
50 என்றுதான் சேரும், தம்பி. சில இடங்களில் முதலில் எடுத்த 47ஐயும் தனி வரியாகச் சேர்த்து வகுக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் சராசரி பற்றிய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 71க்கு எங்கேயும் இடமில்லை.