மறு: புரொப்போர்ஷனிங் வால்வு – ‘விகிதக் கவாடம்’ வேண்டாமே

வணக்கம். பழைய காரின் பிரேக் பற்றிய நம் கட்டுரைக்கான கலைச்சொல் பட்டியலில், புரொப்போர்ஷனிங் வால்வுக்கு (பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> ‘விகிதக் கவாடம்’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பிரேக் அழுத்தத்தை முன்சக்கரங்களுக்கு 60, பின்சக்கரங்களுக்கு 40 என்று எப்போதும் ஒரே கணக்கில் பங்கு போடும் சாமான் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த வால்வு அப்படி வேலை செய்வதில்லை. கட்டுரையில் வரும் வண்டியையே எடுத்துப் பார்ப்போம்.

1965 ஃபோர்டு மஸ்டாங் காரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் (சுழலும் உருளைக்குள் ‘ஷூ’ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசும் வகை). முன்பக்கம் டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் வகை) வேண்டுமென்றால் கூடுதல் காசு. பழைய மஸ்டாங்கை இன்னும் ஓட்டும் அமெரிக்கர்கள் பலர், 1975-80 ஃபோர்டு கிரனாடாவின் டிஸ்க் பிரேக்கைக் கழற்றி வந்து இதில் மாட்டினார்கள். கிரனாடா ஒரு சப்பை வண்டி, ஆசைப்பட்டுச் சேர்த்து வைப்பவர்கள் குறைவு. ஆனால் அதன் அடித்தளம் ஃபோர்டின் மேவரிக் கார் வழியாக, அதைவிடப் பழைய ஃபால்கன் காருக்குப் போகிறது. மஸ்டாங்கும் ஃபால்கனில் பிறந்ததுதான், ஆக இரண்டும் பங்காளிகள். அதனால் சுமார் 11 அங்குல டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்வும் காலிப்பர், சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் எல்லாம் ஒரே தொகுதியாக மஸ்டாங்கின் பால் ஜாயின்ட்டில் (ஸ்பிண்டிலை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) உட்கார்ந்துவிடும். (ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் முனை மட்டும் அப்படியே சேராது, துளையின் கூம்பளவு வேறு. மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும் வம்பும் உண்டு. அதை இன்னொரு இழையில் பேசுவோம்.)

சிக்கல் பின்பக்கம்தான். டிரம்முக்குள் ஷூ உரசத் தொடங்கியதும் சுழற்சியே அதை இன்னும் இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது, குழாயில் வரும் அழுத்தம்தான் கதி. எனவே முன் டிஸ்க்குக்குப் போதுமான அழுத்தம் பின் டிரம்முக்கு அதிகமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஓங்கி மிதித்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிறது. அந்த நேரத்தில் அது பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் சுற்றி முன்னால் வந்து நிற்கும்.

இங்கேதான் நம் வால்வு வருகிறது. மெதுவாக மிதிக்கும்வரை முன்னும் பின்னும் ஒரே அழுத்தம், வால்வு இருப்பதே தெரியாது. ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டிய பிறகுதான் பின்பக்க அழுத்தம் ஏறுவது மந்தமாகிறது. வரைபடம் போட்டால் கோடு ஓர் இடத்தில் மடங்கும். கைத்திருகு வைத்த வகையில் திருகைத் திருப்பினால் மாறுவது அந்த மடங்கும் இடம்தான். அதற்குப் பிறகு கோடு ஏறும் சரிவு மாறுவதில்லை. ‘விகிதம்’ என்று பெயர் வைத்துவிட்டால், திருகு விகிதத்தை மாற்றுகிறது என்றே எல்லாரும் எழுதுவார்கள்.

> அப்படியானால் ‘பின்னழுத்த மட்டுப்படுத்தி’?

இதுவும் இடிக்கிறது. ஓர் எல்லை வந்ததும் பின்பக்க அழுத்தத்தை அதற்குமேல் ஏறவே விடாத வால்வு ஒன்று தனியாக இருக்கிறது. மட்டுப்படுத்தி என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். தவிர, பின்னழுத்தம் என்றாலே எஞ்சின்காரர்களுக்குப் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: பின்தணிப்பு வால்வு. பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைத் தணிக்கிறது, அதையும் முதலிலேயே செய்யாமல் பின்னர்தான் செய்கிறது. ‘பின்’ இரண்டுக்கும் பொருந்துகிறது. கோடு மடங்கும் இடத்துக்கு ‘மடிபுள்ளி’ என்று வைக்கலாம். வால்வைக் கவாடம் ஆக்க எனக்கு மனமில்லை. சைக்கிள் டியூபிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை அது வால்வுதான், பிரேக்குக்கு மட்டும் ஏன் சங்கத்தமிழ்?

இதற்கு ஜோடியாக இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. டிரம்மில் ஸ்பிரிங்கின் இழுப்பை வென்றுதான் ஷூ வெளியே விரிய வேண்டும். டிஸ்க் பேடோ மிதித்த உடனே கவ்வும். அதனால் முன்பக்க அழுத்தத்தைச் சற்று நிறுத்திவைக்க மீட்டரிங் வால்வு என்று ஒன்று உண்டு. அதை ‘முன்தாமத வால்வு’ என்றால் என்ன? இரண்டையும் எச்சரிக்கை சுவிட்சையும் ஒரே கட்டைக்குள் அடைத்தால் அது கூட்டு வால்வு. அந்தச் சொல்லில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

> உதிரி எடுக்கும் வண்டிக்குக் ‘கொடையாளி வாகனம்’ சரியா?

கொடை வண்டி போதும். கிரனாடாவை ஆளாக்க வேண்டாம்.

அப்புறம், பட்டியலில் ஸ்பிண்டிலுக்கு நேரே ‘அச்சாணி’ என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். அச்சாணி, சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி. ஸ்பிண்டில் சக்கரத்தையே தாங்கித் திருப்புவது. நல்ல சொல் கிடைக்கும்வரை அது ஸ்பிண்டிலாகவே இருக்கட்டும்.