மாட்டிறைச்சி பை செஞ்சா அடி மாவு சொதசொதன்னு ஆகுது, வழி சொல்லுங்க

ரப்பர்காட்டுப்பொண்ணு:
வணக்கம், நான் மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். பைன்னா பசாருக்கு எடுத்துட்டுப் போற பை இல்ல, மாவுக்குள்ள இறைச்சி வெச்சு அவன் அடுப்புல சுடுறது. எங்க தாத்தா பெரிய துரை பங்களாவுல குக்கு, மிச்சமான ரோஸ்ட்ட மறுநாள் பையா செஞ்சு மேசைக்கு அனுப்புவாராம், பாட்டி சொல்லித்தான் தெரியும், எழுதி வைக்கல. போன வாரம் கேரட், உருளைக்கிழங்கு, பட்டாணி போட்டு செஞ்சேன், மேல நல்லா செவந்துச்சு, அடியில கஞ்சி, இறைச்சி ஜப்பான் சிலிப்பர் மாதிரி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு ஆளுங்க வராங்க. மாடு சாப்பிடலாமா கூடாதான்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க லா.

அடுப்படி அக்கா:
தங்கச்சி, ஐஸ் பெட்டி இறைச்சியா? இந்தியாவுல இருந்து வர்றது எருமை, லேசுல வேகாது. அவன் மாவுக்குத்தான்மா, இறைச்சி உள்ள போகும்போதே வெந்திருக்கணும். அரை கிலோவ சின்னதா வெட்டி, ஈரம் ஒத்தி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா போட்டு செவக்க வறு, ஒரேடியா கொட்டுனா தண்ணி விட்டு அவிஞ்சுதான் போகும். வெங்காயம், மிளகுத்தூள், கொஞ்சம் கீச்சாப் (சோயா சாஸ்), தண்ணி ஊத்தி குக்கர்ல வை, எனக்கு 40 நிமிஷம் ஆகும். தெறந்தப்புறம் கேரட், கிழங்கு. அது வெந்ததும் 2 கரண்டி கோதுமை மாவ கரைச்சு ஊத்தி கொதிக்க விடு, பட்டாணி கடைசியில. குழம்பு கரண்டியில ஒட்டணும், ஓடக் கூடாது.

லயத்துவீட்டுக்காரன்:
அக்கா முக்கியமானத விட்டுட்டீங்க, ஆற வைக்கணும். சூட்டோட ஊத்துனா மாவுல உள்ள வெண்ணெ அவனுக்குப் போறதுக்கு முன்னாடியே உருகிரும், அதான் கஞ்சி. முந்துன நாளே செஞ்சு ஃபிரிட்ஜ்ல வெச்சிருங்க. ஈசியா வேணும்னா அடி மாவே வேணாம், தட்டுல இறைச்சிய கொட்டி ஃபுரோசன் பஃப் பேஸ்ட்ரிய மேல மூடி, முட்டை பூசி, ஆவி போக ரெண்டு கீறல் போட்டு 200 டிகிரியில 25, 30 நிமிஷம். ஒரு தடவை பேஸ்ட்ரி கெடைக்காம ஃபுரோசன் ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) போட்டேன், சிரிக்காதீங்க, தட்டு காலி.

மிளகுரசம்:
நாங்க மாடு தொடமாட்டோம், இதே மாதிரி ஆட்டிறைச்சியில இறைச்சி மசாலா போட்டு செஞ்சேன். எங்க மாமியார் சாப்பிட்டுட்டு, இம்மாம் பெரிய கறிபாப்ப (கறி பஃப்) எதுக்கு தட்டுல வெச்சு சுட்டேன்னு கேட்டாங்க.

ரப்பர்காட்டுப்பொண்ணு:
ஹாஹா! அண்ணே, அடி மாவு இல்லாம தாத்தா பை ஆகாதுண்ணே, அது வேணும்.

அடுப்படி அக்கா:
அப்ப 250 கிராம் மாவுக்கு 125 கிராம் சில்லுன்னு இருக்குற வெண்ணெ, உப்பு, விரல் நுனியால உதுத்து ஐஸ் தண்ணி தெளிச்சு சேரு, சப்பாத்தி மாதிரி பெசையாத, கெட்டியாயிரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். அடிக்கு உள்ளத தட்டுல விரிச்சு, பேக்கிங் தாள் போட்டு மேல காஞ்ச கடலைய கொட்டி 15 நிமிஷம் சுடு, தாள எடுத்துட்டு இன்னொரு 5 நிமிஷம். அப்புறம் இறைச்சி, மேல் மாவு.

ரப்பர்காட்டுப்பொண்ணு:
கடலை இல்லக்கா, பச்சரிசி ஓகேவா?

அடுப்படி அக்கா:
ஓகே. அப்புறம் அத சோறாக்கிறாத.