திருநங்கை தோழி 2 மாதமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிட்டாள், திரும்பத் தொடங்க முடியுமா?

மாடிவீட்டுக்காரி:
எங்கள் மாடியில் குடியிருக்கும் தோழிக்காகக் கேட்கிறேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். விழுப்புரம் பக்கம் இருந்தவரை ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாள். சென்னைக்கு வந்தபின் கையிருப்பு தீர்ந்து 2 மாதம் ஆகிறது. போகச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். கடைசியாக மாத்திரை வாங்கப் போனபோது அத்தனை பேர் முன்னால் அவளுடைய பழைய ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நடப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்பு. ஆதாரிலும் அந்தப் பெயர்தான். அவள் இருக்கும் திருநங்கைகள் ஜமாத்தில் இன்னொருவரும் மாத்திரை சாப்பிடுகிறார், அவரிடம் பாதி வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். சரியா?

பழைய களப்பணி:
வேண்டாம்மா. அவர் சாப்பிடுவது வேறு கூட்டு மருந்தாக இருக்கலாம், ஒன்றாகவே இருந்தாலும் மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். விழுப்புரத்துக்கும் திரும்ப ஓட வேண்டியதில்லை. சென்னையில் எந்த அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்கும் போகலாம், இலவசம்தான். பழைய சிகிச்சைப் புத்தகம் இருந்தால் எடுத்துப் போங்கள், தொலைந்திருந்தால் பழைய மையத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவர்களே கேட்டு மாற்றிக்கொள்வார்கள். இடையில் விட்டவர்கள் எவ்வளவோ பேர் திரும்ப வந்திருக்கிறார்கள், என் கையாலேயே கூட்டிப்போயிருக்கிறேன். இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவார்கள். அப்புறம் ஹார்மோன் எடுக்கிறாள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். ஏ.ஆர்.டி. போட்டால் ஹார்மோன் வேலை செய்யாது என்று பயந்தே நிறுத்துகிறவர்கள் உண்டு, இப்போது பெரும்பாலும் கொடுக்கிற, மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரையில் அந்தப் பயம் தேவையில்லை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து எடுத்தால் மட்டும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.
எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்கு அடியுங்கள், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டாம்.

நாமக்கல் லாரி:
நானும் மாத்திரைக்காரன்தான், 15 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் காலை ஒன்று இரவு ஒன்று. டப்பாவில் மாத்திரை உருண்டு வண்டி குலுங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம், கிளீனர் பையன் என்னண்ணே அது என்பான். டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துத்தான் ஓட்டினேன். இப்போது ராத்திரி ஒன்றே ஒன்று. சரியாகச் சாப்பிட்டு ஒரு நிலைக்கு வந்துவிட்டால் ஒரே தடவையில் 2, 3 மாதத்துக்கும் தருகிறார்கள், கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்களுக்கு அலைச்சல் குறையும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனையில் அது தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. எனக்கு இதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வீட்டில் அத்தனை வருஷம் தனிப் பாயில் படுத்திருக்க மாட்டேன்.

சட்டம் படித்தவள்:
பெயர் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். எச்.ஐ.வி. சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையில் பாகுபாடு கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற மருத்துவமனையில் புகார் அலுவலர் இருந்தாக வேண்டும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர். 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக சென்னையில் எச்.ஐ.வி. கண்டுபிடித்தது காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களின் ரத்தத்தில். எதற்கு எடுக்கிறோம் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. அங்கிருந்து இந்தச் சட்டத்துக்கு வர 31 வருஷம்.
ஆனால் சட்டத்தை நீட்டிக்கொண்டு கவுன்ட்டரில் நிற்க முடியாது, அதுவும் தெரியும். உள்ளே போனதும் ஆலோசகரிடம் தனியாக, என்னை இந்தப் பெயரில் கூப்பிடுங்கள், இல்லை டோக்கன் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும்.

மாடிவீட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி, படித்துக் காட்டினேன். லாரி அண்ணன் பஞ்சு அடைத்த கதைக்குச் சிரித்தாள், அவள் ஜாக்கெட் துணியைச் சுற்றி வைப்பாளாம். வியாழக்கிழமை கடைக்குப் போகவில்லை, கூட வருகிறாயா என்று கேட்டாள். லீவு சொல்லிவிட்டேன்.