ஆர்எஸ்வி ஊசி தாத்தாவுக்கு உண்டு, கைக்குழந்தைக்கு ஏன் இல்லை?

புது_அப்பா:
மகளுக்கு ஐந்து மாதம். சாதாரண சளி என்றுதான் இருந்தோம், மூன்றாம் நாள் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழ ஆரம்பித்தது. ஆர்எஸ்வி என்றார்கள், மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ். இரண்டு நாள் ஆக்ஸிஜன், இப்போது தேறிவிட்டாள். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவையாவது வந்துவிடுமாம். 1956-இல் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் கண்டுபிடித்த வைரஸ் இது. 60 தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 2023-இலேயே ஊசி வந்துவிட்டது. அதிகம் அவதிப்படுகிற கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை?

சோதனைக்குழாய்:
போட்டுப் பார்த்தார்கள், அதனால்தான் இல்லை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில், போலியோவுக்குச் செய்த மாதிரியே வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்று ஊசியாக்கினார்கள். அடுத்த சீசனில் நிஜ வைரஸ் வந்தபோது, ஒரு சோதனையில் ஊசி போட்ட குழந்தைகளில் தொற்று வந்தவர்களில் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆர்எஸ்வி ஊசி போடாதவர்களில் அது 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தும் போயின. அதற்கப்புறம் பல வருடம் யாருக்கும் கை வைக்கத் துணிவில்லை.

புது_அப்பா:
செத்த வைரஸ் எப்படி நோயை மோசமாக்கும்?

சோதனைக்குழாய்:
வைரஸின் மேலே எஃப் புரதம் என்று ஒன்று இருக்கிறது, செல்லுக்குள் நுழைய அதுதான் சாவி. நுழைவதற்கு முன் ஒரு வடிவம், நுழைந்த பின் காற்றில் திருப்பிக்கொண்ட குடை மாதிரி வேறு வடிவம். ஃபார்மலின் ஊசியில் இருந்தது பெரும்பாலும் திருப்பிக்கொண்ட குடைதான். அதைப் பார்த்து உடல் தயாரித்த ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், வைரஸில் போய் ஒட்டிக்கொண்டது, ஆனால் தடுக்கவில்லை. போதாக்குறைக்கு நுரையீரலில் அழற்சியையும் கிளப்பிவிட்டது. 2013-இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் என்ற விஞ்ஞானிகளின் குழுதான் எஃப் புரதத்தை முதல் வடிவத்திலேயே பிடித்து நிறுத்தியது. இப்போதைய ஊசிகள் அதன்மேல் கட்டியவை. அதே யோசனைதான் பிறகு கோவிட் ஊசிக்கும் போனது.

இரவுப்பணி_நர்ஸ்:
ஒரு திருத்தம். குழந்தைக்கு ஒன்றுமே இல்லை என்பது சரியல்ல. நிர்செவிமாப் என்று ஒரு ஊசி உண்டு, தடுப்பூசி இல்லை, தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடி. ஒரு தடவை போட்டால் சுமார் ஐந்து மாதம் தாங்கும், ஒரு சீசனுக்குப் போதும். இன்னொரு வழி தாய்க்குப் போடுவது, அமெரிக்காவில் 32 முதல் 36 வாரத்துக்குள். தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போகும். பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டால்தான் பலன். இதிலும் பயம் இல்லாமல் இல்லை, ஜிஎஸ்கே என்ற மருந்து நிறுவனம் தன் கர்ப்பிணிகள் சோதனையை 2022-இல் குறைப்பிரசவம் கூடுகிறது என்று நிறுத்தியது.

சந்தேகராமன்:
சரி, முதல் வடிவத்தில் நிறுத்திய அந்தப் புது ஊசியையே குழந்தைக்குப் போட்டால் என்ன?

சோதனைக்குழாய்:
மாடர்னா நிறுவனம் முயன்றது. ஊசி போட்ட குழந்தைகளிடம் கடுமையான நோய் கூடுதலாகத் தெரிந்ததால் 2024-இல் நிறுத்தினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் 60-களின் கதை தெரிந்தவர் யாரும் தொடரமாட்டார். பெரியவர்கள் உடம்பு இந்த வைரஸை ஏற்கெனவே பல தடவை பார்த்திருக்கும், ஊசி அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்பினால் போதும். குழந்தைக்கு அதுவே முதல் பாடம், அது தப்பாகப் பதிந்தால் ஆபத்து. அதனால்தான் வலுவிழந்த உயிருள்ள வைரஸை மூக்கில் விடுகிற வழியைச் சிலர் நம்புகிறார்கள், அந்தச் சோதனைகளில் இந்த மோசமாகும் சிக்கல் தென்படவில்லை.

புது_அப்பா:
கடைசியாக ஒன்று. என் மகளுக்குத் திரும்ப வருமா?

இரவுப்பணி_நர்ஸ்:
வரும். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்பு தருகிற ரகம் இல்லை இது. பெரும்பாலும் அடுத்த தடவைகள் லேசாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த விலாக்குழியை மறக்காதீர்கள், மறுபடி பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.