யாரும் இல்லாதபோது ஓடும் மின்சாரத்துக்கு என்ன பெயர்?

கோவையிலிருந்து, ஆற்றல் தணிக்கையாளர்:

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மின்செலவையும் கார்பன் உமிழ்வையும் குறைக்கும் திட்டத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில அறிக்கை எப்போதோ கொடுத்தாயிற்று. நிர்வாகம் படித்தது. எலக்ட்ரீஷியன்களும் விடுதிக் காப்பாளர்களும் லேப் அட்டெண்டர்களும் படிக்கவில்லை. சுவிட்ச் எல்லாம் இருப்பதோ அவர்கள் கையில்.

பெரும்பாலான சொற்களில் தொல்லை இல்லை. உமிழ்வு, கார்பன் தடம், ஆற்றல் தணிக்கை எல்லாம் நாளிதழிலேயே புழங்குகின்றன. மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான்: 'பேஸ் லோடு'.

எதைச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு உள்ள வளாகத்தில் மீட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுமையைப் பதிந்துகொண்டே இருக்கும். 'லோடு சர்வே' வேண்டும் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதை வரைந்து பார்த்தால் கோடு காலை ஒன்பதுக்கு ஏறும், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் சரியும், ஐந்துக்கு மேல் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கினாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. செமஸ்டர் விடுமுறை, ஞாயிறு விடியற்காலை மூன்று மணி, உள்ளே வாட்ச்மேனும் நாலு நாய்களும் மட்டும். அப்போதும் மீட்டர் ஓடும். அந்த மட்டத்துக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

ஒரு பேச்சுக்கு அது 100 கிலோவாட் என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், 8,76,000 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 600 டன்னைத் தாண்டுகிறது. இதைச் சூரிய மின்சாரத்தால் ஈடுகட்டப் பார்த்தால், ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்ற கணக்கில், 600 கிலோவாட் தகடு வேண்டும். அதாவது ஆளே இல்லாத வளாகத்துக்காக ஆறு மடங்கு தகடு. கூரையில் தகடு போட்டு ரிப்பன் வெட்டுவதற்கு எல்லோரும் வருகிறார்கள். இந்தக் கோட்டைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

'அடிச்சுமை' என்று எழுதிக் காட்டினேன். எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, "தரைக்கு அடியில போற கேபிளோட லோடா சார்?" என்றார். வேறு சொல் உண்டா?

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பொறியியல் பேராசிரியர்:

தம்பி, 'அடிச்சுமை' நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அனல்மின் நிலையமும் அணுமின் நிலையமும் இரவு பகலாக ஓடித் தாங்குகிற சுமைக்கு வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். அங்கே அது குறையில்லை. நெய்வேலியும் கல்பாக்கமும் அதற்காகத்தானே இருக்கின்றன. அதையே கல்லூரிக் கட்டடத்துக்கும் வைத்தால், ஏதோ இருந்தே தீரவேண்டிய சுமை என்ற தொனி வந்துவிடும். அப்புறம் எவன் அதைக் குறைப்பான்?

'இரவுச்சுமை' என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். விடுதி உள்ள வளாகத்தில் இரவு பதினொரு மணிக்குத்தான் அத்தனை மின்விசிறியும் முழு வேகத்தில் சுற்றும். அந்தப் பிள்ளைகள் தூங்க வேண்டும், அது நியாயமான செலவு. 75 வாட் விசிறியை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டுவது வேறு கணக்கு.

'வெற்றுச்சுமை'யும் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரில் எதையும் இணைக்காமல் சும்மா மின்னழுத்தம் கொடுத்து வைத்தாலே இரும்பு உள்ளகத்தில் இழப்பு நடந்துகொண்டிருக்கும். 500 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்றால் சில நூறு வாட். 'வெற்றுச்சுமை இழப்பு' என்று அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பறித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இடத்தில் விடுமுறைக்கு ஒன்றை நிறுத்தி வைக்கலாம் என்பதையும் உங்கள் அறிக்கையில் சேருங்கள்.

இன்னொரு வம்பு: மின்வாரியப் படிவங்களில் 'மின்பளு' என்றுதான் இருக்கும். எனக்கு 'பளு' என்றாலே பளுதூக்கும் போட்டிதான் கண்முன் வருகிறது. ஆனாலும் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டுமானால் யோசியுங்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து, வேதியியல் ஆய்வாளர்:

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். ஒரே சொல்லில் முடிக்கப் பார்க்கிறீர்கள். எனக்கென்னவோ இரண்டு சொல் வேண்டும் என்று படுகிறது.

ஆய்வகத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எது எது ஓடுகிறது என்று சொல்கிறேன். முதலில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். பழையது ஒன்று நாளுக்கு 20 யூனிட் வரை இழுக்கும். அதை அணைத்தால் ஒருவருடைய முனைவர் பட்டமே உருகிப்போகும். ஆனால் அதே ஃப்ரீசரை மைனஸ் 70-இல் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சம். பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். ஆக, ஒரே பெட்டிக்குள் வேண்டிய சுமையும் இருக்கிறது, வேண்டாத சுமையும் இருக்கிறது. இந்தப் பெட்டி நல்லது, அந்தப் பெட்டி கெட்டது என்று பிரிக்க முடியாது.

அடுத்தது ஃபியூம் ஹூட். முன்பக்கக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு உள்ளே கையை விட்டு வேலை செய்யும் அந்தக் கூண்டு, புகை நம் பக்கம் வராமலிருக்க வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சுவது அறையில் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை. தள்ளுவது மொட்டைமாடிக்கு மேலே. இப்படி ஒரு கூண்டு ஆண்டு முழுவதும் ஓடினால் மூன்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீடுகளின் ஆற்றலைத் தின்கிறது என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். ஹார்வர்டில் இதற்காக ஆய்வகங்களுக்குள் போட்டியே வைத்தார்கள். ஒரு விஷயம்: கண்ணாடி இறங்கும்போது காற்றின் அளவும் தானாகக் குறைகிற வகையாக இருந்தால்தான் பலன். பழைய வகையில் கண்ணாடியை இறக்கினாலும் மோட்டார் அதே அளவு காற்றைத்தான் இழுக்கும். அறிக்கையில் இதைச் சொல்லாமல் 'கண்ணாடியை இறக்கவும்' என்று மட்டும் ஒட்டிவைத்தால் ஒட்டிய காகிதம் தண்டம்.

ஸ்டான்ஃபர்டு கதை உங்களுக்கு உதவும். 1987 முதல் எரிவாயு எரித்து மின்சாரமும் நீராவியும் தரும் ஆலை ஒன்று அந்த வளாகத்துக்கு இருந்தது, 2015-இல் மூடினார்கள். அதற்கு முன்னால் மணிக்கு மணி பதிவை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, ஒரே நேரத்தில் ஒரு கட்டடத்தைக் குளிர்வித்துக்கொண்டும் இன்னொன்றைச் சூடாக்கிக்கொண்டும் இருக்கிறோம் என்று. குளிர்விக்கும் இயந்திரம் எடுத்த வெப்பத்தைக் கூலிங் டவர் வழியே வானத்துக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே எரிவாயுவை எரித்து நீராவி உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே விடும் வெப்பத்தைப் பிடித்தாலே வளாகத்தின் வெப்பத் தேவையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும் என்று கணக்கு வந்தது. நீராவிக் குழாய்களுக்குப் பதிலாக 20 மைலுக்கும் மேல் சுடுநீர்க் குழாய் பதித்தார்கள். நீராவிக் குழாயில் யாருக்கும் வெப்பம் தேவைப்படாத நாளிலும் மண்ணுக்குள் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். ஆண்டு பில்லை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

என் பரிந்துரை: ஆளில்லாதபோதும் ஓடவேண்டியது 'காவல்சுமை'. வேண்டாதது 'பேய்ச்சுமை'. பேய்க்கரும்பு, பேய்ச்சுரை என்று சொல்கிறோமே, பார்க்க அசலைப்போல் இருந்து எதற்கும் உதவாதது, அந்தப் பேய்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பொறியியலாளர்:

வணக்கம். இங்கே நாங்கள் 'சுமை' என்றுதான் எழுதுகிறோம். 'பளு' வேண்டாம்.

'காவல்சுமை'க்கு எல்லை எது என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். எங்களுக்கு அது 2022-இல் தெரிந்துவிட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, டீசலும் தட்டுப்பாடு. மின்பிறப்பாக்கியில் எதைப் போடுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் பட்டியல் போட வேண்டி வந்தது. மருந்து வைத்த குளிர்சாதனப் பெட்டி, சேவையகம், தண்ணீர்ப் பம்பி, வாசல் மின்குமிழ். கேட்டால் எல்லாமே அவசியம் என்று சொன்னவர்கள், டீசலை லீற்றரில் அளந்து ஊற்றத் தொடங்கியதும் பட்டியலைப் பாதியாக்கினார்கள். அந்தப் பாதிதான் காவல்சுமை.

'பேய்ச்சுமை' எனக்குப் பிடிக்கவில்லை, தங்கச்சி குறை நினைக்கக் கூடாது. பேய் கண்ணுக்குத் தெரியாது. ஆளில்லாத கருத்தரங்க மண்டபத்தில் குளிரூட்டி இரைவது வழியில் போகிற எல்லாருக்கும் கேட்கிறது. தெரியாமல் நடக்கிற விசயமில்லை இது, நிறுத்துவது யாருடைய வேலை என்று எவரும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். 'வீண்சுமை' என்று போடலாமே.

திருச்சியிலிருந்து:

வீண்சுமை சப்பென்று இருக்கிறது. 'தண்டச்சுமை' என்று வையுங்கள். தண்டச்சோறு என்றால் தெரியாத தமிழன் உண்டா? வேலை செய்யாமல் தின்கிற சுமை. அந்த அம்மாவும் தன் மடலில் தன்னையறியாமல் 'தண்டம்' என்றுதான் எழுதியிருக்கிறார், பாருங்கள்.

கோவையிலிருந்து:

ஐயா, 'தண்டச்சுமை'யைப் பேனல் ரூமில் சொல்லிப் பார்த்தேன். விளக்கமே தேவைப்படவில்லை, சிரித்துவிட்டார்கள். பேச்சில் அது நிலைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அறிக்கையில் வேண்டாம், இரண்டு காரணம். ஒப்பந்தத் தேவையை, அதாவது மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்சச் சுமையை, தாண்டினால் மின்வாரியத்துக்கு அபராதம் கட்டுகிறோம். அதையும் கணக்குப் பிரிவில் 'தண்டம்' என்கிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தண்டம் வந்தால் குழப்பம். இன்னொன்று, 'உங்கள் துறையின் தண்டச்சுமை இவ்வளவு' என்று அட்டவணை போட்டுத் துறைத்தலைவர் கையில் கொடுத்தால், அன்றைய கூட்டம் அதோடு சரி. அவர் கையெழுத்துப் போடவேண்டிய தாள் அது. 'வீண்சுமை' சப்பென்று இருப்பதாலேயே கோப்பில் நகரும்.

'காவல்சுமை'யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன சோதனையை இங்கே எளிதாகச் செய்யலாம், நம் வளாகங்களில் டீசல் ஜெனரேட்டருக்கென்று தனி லைன் பெரும்பாலும் இருக்கிறது. அதில் என்னென்ன தொங்குகிறது என்று எழுதுவதில் தொடங்கலாம். எச்சரிக்கை ஒன்று: காலப்போக்கில் அதிகாரிகளின் அறை ஏ.சி.யும் அந்த லைனில் ஏறியிருக்கும். அதற்காகவே பட்டியலை மறுபடியும் போடவேண்டும்.

அளக்கும் முறையையும் அறிக்கையில் சேர்க்கிறேன். விடுமுறை ஞாயிறு விடியலில் மெயின் பேனலுக்குப் போய், ஒவ்வொரு ஃபீடராக (பிளாக்குகளுக்குப் பிரிந்து போகும் மின்கம்பி) டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டி ஆம்பியரைக் குறிப்பது. எந்த பிளாக் எவ்வளவு தின்கிறது என்று அரைமணியில் தெரிந்துவிடும். அப்புறம் டார்ச்சோடு அந்த பிளாக்குக்குள் நடக்க வேண்டும். வழக்கமாக அகப்படுவது பெரிய சாமான் எதுவும் இல்லை. பூட்டிய மாடியில் யாரும் குடிக்காத தண்ணீரை விடிய விடியக் குளிர்வித்துக்கொண்டிருக்கும் வாட்டர் கூலர். பத்து கணினிக்காக வாங்கி இப்போது இரண்டைத் தாங்கும் யூ.பி.எஸ். நிரம்பிய தொட்டிக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும் பம்பு. வராண்டாவில் நாலுக்கு ஒன்று எரிந்தால் போதும் என்ற இடத்தில் அத்தனையும் எரியும் டியூப்லைட். அந்த நாலில் ஒன்று காவல்சுமை, மிச்சம் மூன்று வீண்சுமை. ஃப்ரீசருக்குள் ஓடும் எல்லை வராண்டாவிலும் ஓடுகிறது.

'அடிச்சுமை'யை விடவில்லை, ஐயா. இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கு அதையே வைக்கிறேன், மீட்டர் காட்டுவது அதைத்தானே. பிரிப்பது நம் வேலை. அருஞ்சொற்பொருள் பட்டியலில் இப்படிப் போடலாம் என்றிருக்கிறேன்:

அடிச்சுமை: வளாகத்தில் ஆள் நடமாட்டம் இல்லாதபோதும் மீட்டர் காட்டும் மிகக் குறைந்த மின்சுமை. காவல்சுமையும் வீண்சுமையும் சேர்ந்தது.

காவல்சுமை: நிறுத்தினால் பொருளோ பாதுகாப்போ ஆராய்ச்சியோ கெடும் சுமை. எதற்காக ஓடுகிறது, யார் பொறுப்பு என்று இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வீண்சுமை: அடிச்சுமையில் காவல்சுமை போக எஞ்சியது.

மூன்றாவதை வேண்டுமென்றே இப்படி எழுதினேன். 'இது வீண்' என்று நான் நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. 'இது வேண்டும்' என்று எழுதித்தர யாரும் முன்வராத சுமை எல்லாம் தானாக அந்தப் பக்கம் விழும். துறைகள் சண்டைக்கு வரும், தெரியும். வந்தால் பொறுப்பாளர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மெஸ் கேஸ், கல்லூரிப் பேருந்து, ஜெனரேட்டர் டீசல் இதெல்லாம் ஸ்கோப் 1 கணக்கு, அதாவது வளாகமே நேரடியாக எரிக்கும் எரிபொருளின் உமிழ்வு. அந்த 'ஸ்கோப்'புக்கு 'வரம்பு' என்று சிலரும் 'வீச்சு' என்று சிலரும் எழுதுகிறார்கள். அதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம், இந்த இழையில் இழுக்க வேண்டாம். மேலே உள்ள மூன்றுக்கும் ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குப் போகிறது.